பல்லியின் பாதம் புகட்டும் பாடம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இன்னும் சிறிது நேரத்தில் குழந்தைகளின் நடனமும், அதன்பின் நாடகமும் நடைபெற இருக்கின்றன. இவற்றுக்கு முன்னே வைக்கப்பெறும் சொற்பொழிவு, பாயசத்துக்கு முன்னே பரிமாறும் ரசம் போன்றது. அளவாக இருந்தால்தான் அடுத்து வருவது ருசிக்கும். அதை நான் நன்கு அறிவேன்.

பல்லியைப் பற்றிப் பேசலாம் என்றிருக்கிறேன் என்று நம் செயலாளரிடம் தெரிவித்தபோது, “பல்லி விழும் பலனா?” என்று கேட்டார். “இல்லை ஐயா, பல்லி விழாத பலன்!” என்றேன். அவர் சிரித்துக்கொண்டே இசைவு தந்தார். அந்தப் ‘பல்லி விழாத பலன்’தான் இன்று என் பேச்சின் பொருள். செங்குத்தான சுவரில் ஓடியும், கூரையில் தலைகீழாய் நின்றும் இச்சிறு உயிர் விழாதிருப்பது எதனால்? அதைக் கண்டு மனிதன் புதிய ஒட்டுப் பொருள்களைச் செய்யக் கற்றது எங்ஙனம்? இவ்விரண்டையும் எனக்குத் தெரிந்த தமிழில் சொல்ல முயல்கின்றேன்.

நான் விஞ்ஞானி அல்லேன். பத்தாம் வகுப்புத் தேறி, ரயில்வேயில் எழுத்தராகச் சேர்ந்து, நாற்பது வயதைக் கடந்தவன். ஆயினும், இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டு ஓடும் அதிசயத்தை நாள்தோறும் கண்டு வருபவன். பல்லாயிரக்கணக்கான டன் சரக்கை இழுக்கும் எஞ்சினின் ஒவ்வொரு சக்கரமும் தண்டவாளத்தைத் தொடுவது ஒரு சிறு நாணயத்தின் அளவே ஆகும். மழையில் தண்டவாளம் வழுக்கினால், பிடி கிடைப்பதற்காகச் சக்கரத்தின் முன்னே மணல் தூவுகிறோம். ஆகவே, ‘பிடி’ என்பது எத்துணை அருமையான பொருள் என்பதை ரயில்வேக்காரனுக்கு எவரும் சொல்லித்தர வேண்டுவதில்லை.

நாம் அறிந்த பல்லி

தமிழர்க்குப் பல்லி புதிய விருந்தாளி அன்று. பல்லியின் ஒலியை நிமித்தமாகக் கொள்ளும் வழக்கம் சங்கப் பாடல்களிலேயே காணப்படுகின்றது. காஞ்சி வரதராசப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டு வணங்காமல் திரும்பியவர் நம்மில் சிலரே இருப்பர். அந்த நம்பிக்கைகளை ஆராய்வதற்கு நான் வரவில்லை. பல்லி என்ன சொல்கிறது என்று ஈராயிரம் ஆண்டுகளாகக் காது கொடுத்துக் கேட்ட நாம், அது எப்படி நிற்கிறது என்பதைக் கண் கொண்டு பார்த்தோமா என்பதே என் கேள்வி.

டில்லியில் நம் குடியிருப்புகளிலும் பல்லிக்குக் குறைவில்லை. மார்கழிக் குளிரில் எங்கேயோ மறைந்துவிடுகிறது. ஹோலிப் பண்டிகையை ஒட்டி வெயில் ஏறத் தொடங்கியதும், விளக்கின் அருகே முன்போலவே வந்து நிற்கிறது. வெள்ளையடித்த சுவராயினும், கண்ணாடியாயினும், வண்ணம் பூசிய மரக்கதவாயினும் அதற்கு எல்லாம் ஒன்றே.

இங்கே ஒரு வேறுபாட்டைக் குறிப்பிட வேண்டும். பிடிக்கு உவமை தேடினால் நம் முன்னோர் உடும்பைத்தான் சுட்டினர். ‘உடும்புப் பிடி’ என்பது இன்றும் நம் வழக்கில் உள்ளது. 1670ஆம் ஆண்டில் மராட்டிய வீரர் தானாஜி, சிங்ககட் கோட்டைச் சுவரில் கயிறு கட்டிய உடும்பை ஏற்றி, அதைப் பற்றி மேலேறினார் என்று ஒரு கதையும் வழங்குகிறது. கதை உண்மையோ கற்பனையோ, உடும்பின் பிடி நகத்தின் பிடி. நகம் மாட்டிக்கொள்ளக் கல்லில் பிளவோ மேடோ இருந்தால்தான் அது செல்லும். வழவழப்பான கண்ணாடியில் உடும்பால் ஏற இயலாது. பல்லியோ அதில் ஓடுகிறது. மேலும், நம்மவர் மற்றொரு பழமொழியும் வைத்திருக்கின்றனர்: “உடும்பு வேண்டாம், கையை விட்டால் போதும்.” பிடிப்பது மட்டும் தெரிந்து விடுவது தெரியாத பிடி எத்தகைய தொல்லை என்பதை இப்பழமொழி நயமாகக் காட்டுகின்றது. நாம் இன்று பேசும் செய்தியின் உயிர்நாடி இதுவே.

பசையின் இரு குறைகள்

மனிதன் செய்த பசைகளில் பெரும்பாலானவை உடும்பின் இனத்தைச் சேர்ந்தவை. ரயில் பெட்டிகளின் வாயிலருகே முன்பதிவுப் பட்டியல் ஒட்டப்பட்டிருந்த காலம் உங்களுக்கு நினைவிருக்கும். 2018ஆம் ஆண்டில் பெரிய நிலையங்களில் அவ்வழக்கத்தை நிறுத்தினார்கள். அதற்கு முன்னெல்லாம், இன்றைய பட்டியலின் மேல் நாளைய பட்டியல், அதன் மேல் மறுநாளைய பட்டியல் என்று தாள் தாளாக ஏறிக்கொண்டே போகும். பசை வலுவற்றிருந்தால் வண்டி புறப்பட்டதும் காற்றில் தாள் பறந்துவிடும். வலுவாக இருந்தாலோ, சுரண்டி எடுக்கும்போது பெட்டியின் வண்ணமும் சேர்ந்து வரும். ஒட்ட வேண்டியபோது ஒட்டுவதில்லை. விட வேண்டியபோது விடுவதில்லை.

இது வெறும் தாளைப் பற்றிய செய்தியாய் இருந்தால் நான் இவ்வளவு வற்புறுத்த மாட்டேன். சில ஆண்டுகளுக்கு முன் என் தாயார் ஒரு மருத்துவமனையில் பத்து நாட்கள் இருந்தார். மணிக்கட்டில் மருந்து ஏற்றும் ஊசியை நிலைநிறுத்தப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தனர். இடம் மாற்றும்பொருட்டு அதை உரித்தபோது, முதுமையால் மெல்லிய தாளைப் போலாகியிருந்த தோலும் உடன் வந்துவிட்டது. உரித்த நர்ஸ் பெண்மணி பொறுமையாகத்தான் உரித்தார். அவருடைய கண்களிலும் நீர் துளித்தது. குற்றம் அவருடையது அன்று, பசையினுடையது. “பிடித்தால் விடமாட்டேன் என்கிறதே” என்று என் தாயார் சொன்னது இன்னும் என் செவியில் ஒலிக்கிறது. குறைமாதத்தில் பிறந்த சிசுக்களின் தோலும் அவ்வாறே மெல்லியது. உறுதியாகப் பிடித்து, நோவின்றி விடும் ஒட்டுப் பொருள் வெறும் ஆராய்ச்சி விளையாட்டு அன்று. முதியோர்க்கும் குழந்தைகட்கும் அது தேவை.

பசையின் மற்றொரு குறை அழுக்கு. ஒருமுறை உரித்த ஒட்டு நாடாவை மீண்டும் ஒட்டினால் பாதி வலிமைதான் இருக்கும். மூன்றாம் முறை தூசி படிந்து பயனற்றுப் போகும். பல்லியோ நாள் முழுவதும் ஆயிரக்கணக்கான முறை ஒட்டி ஒட்டி எடுக்கிறது. அதன் பாதத்தில் பசையும் இல்லை. சுவரில் அது நடந்த தடமும் இல்லை.

பாதத்தின் மறைபொருள்

கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், இற்றைக்கு ஏறத்தாழ 2,300 ஆண்டுகளுக்கு முன்பே, மரத்தில் தலைகீழாகவும் ஓடவல்ல பல்லியைத் தம் நூலில் குறித்திருக்கிறார். ஆனால் காரணம் விளங்கவில்லை. பிற்காலத்தார் பலவாறு ஊகித்தனர். அட்டையைப்போல் உறிஞ்சிப் பிடிக்கிறது என்றனர் சிலர். பசை சுரக்கிறது என்றனர் சிலர். சீப்பைத் தலையில் தேய்த்தால் காகிதத் துண்டுகளை இழுக்கிறதே, அந்த மின்சாரம் என்றனர் வேறு சிலர்.

1934ஆம் ஆண்டில் டெல்லிட் என்னும் ஜெர்மானியர் இவற்றைச் சோதித்தார். (அவர் பெயரில் நம் டில்லி இருப்பது தற்செயலே!) காற்று நீக்கிய கலத்திலும் பல்லியின் பிடி தளரவில்லை; ஆகவே உறிஞ்சுதல் காரணம் அன்று. எக்ஸ் கதிர்களைச் செலுத்தி, மின்னூட்டம் தங்க இயலாதவாறு காற்றை மாற்றியபோதும் பிடி நின்றது. ஆகவே மின்சாரமும் முதன்மைக் காரணம் அன்று. பசை சுரக்கும் சுரப்பியோ அதன் விரல்களில் இல்லவே இல்லை.

பின்னர் எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்தது. 1965ஆம் ஆண்டில் ரூயிபால், எர்ன்ஸ்ட் என்னும் இருவர் அதன் வழியே பல்லியின் விரலை ஆராய்ந்து, அதன் நுண்ணிய அமைப்பை விளக்கினர். விரலின் அடியில் நாம் காணும் வரிவரியான மடிப்புகளில் எண்ணற்ற மயிர்கள் அடர்ந்திருக்கின்றன. அவை நம் நகத்துக்கு இனமான பொருளால் ஆனவை. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு நீளமே உடையது. அம்மயிரின் நுனியோ மீண்டும் நூற்றுக்கணக்கான கிளைகளாகப் பிரிகிறது. ஒவ்வொரு கிளையின் முடிவிலும் கரண்டி போன்ற ஒரு சிறு தகடு. நம் தலைமயிர் ஒன்றின் பருமனில் சில நூற்றில் ஒரு பங்குதான் அதன் அகலம்!

இத்தகடுகள் செய்யும் வேலை யாது? உலகில் எந்த இரு பொருள்களும் மிக மிக நெருங்கினால், அவற்றின் மூலக்கூறுகளுக்கிடையே ஒரு மெல்லிய ஈர்ப்பு உண்டாகும். தச்சர் ஒருவரின் மகனாகப் பிறந்து, தொடக்கப் பள்ளி ஆசிரியராய் வாழ்வைத் தொடங்கி, 1910ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்ற வான்டர் வால்ஸ் என்னும் டச்சு அறிஞரின் பெயரால் அதனை வழங்குகின்றனர். அப்படியாயின் நம் கை சுவரில் ஒட்டாதது ஏன்? தாய்மார்கள் அம்மிக்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். கொத்திய அம்மிக்கல் ஒன்றின் மேல் மற்றொன்றைக் கவிழ்த்தால், மேடும் மேடும் சில இடங்களில் தொடுமேயன்றிப் பள்ளங்கள் தொடமாட்டா. நம் உள்ளங்கையும் சுவரும் அத்தகையனவே. ஆனால் பிசைந்த மாவை அம்மியில் வைத்து அழுத்தினால் ஒவ்வொரு பள்ளத்திலும் அது புகுந்துவிடும். பல்லியின் பாதம் கோடிக்கணக்கான நுண்தகடுகளாகப் பிரிந்திருப்பதால், மாவைப்போல் சுவரின் ஒவ்வொரு மேட்டையும் பள்ளத்தையும் தேடிச் சென்று நெருங்குகிறது. தனித்தனியே நோக்கினால் ஒன்றுமில்லாத ஈர்ப்பு, கூட்டிப் பார்த்தால் பெரும் வலிமையாகிறது.

இதனை அளந்து காட்டியவர்கள், அமெரிக்காவைச் சேர்ந்த கெல்லர் ஆட்டமும் அவருடைய கூட்டாளிகளும். அசாம், மணிப்பூர்ப் பகுதிகளிலும் தென்கிழக்காசியக் காடுகளிலும் வாழும் ‘டோக்கே’ என்னும் பெரும்பல்லியின் ஒரே ஒரு மயிரை எடுத்து, அதன் பிடியை 2000ஆம் ஆண்டில் அளந்தனர். ஓர் எறும்பின் எடையை, அதாவது சுமார் 20 மில்லிகிராமை, அந்த ஒரு மயிர் தாங்கியது. ஒவ்வொரு பாதத்திலும் ஏறத்தாழ 5 லட்சம் மயிர்கள் உள்ளன என்று அவர்கள் குறித்தனர். நான் கணக்கு எழுதுபவன் ஆதலால் கணக்கிட்டுப் பார்த்தேன். நான்கு பாதங்களில் 20 லட்சம் மயிர்கள். ஒவ்வொன்றும் 20 மில்லிகிராம் என்றால் மொத்தம் 40 கிலோ! பல்லியின் எடையோ சுமார் 50 கிராம். எல்லா மயிர்களும் ஒருங்கே ஒட்டுவதில்லை என்பது உண்மையே; ஒட்ட வேண்டிய தேவையும் இல்லை. மீதி அனைத்தும் அதன் சேமிப்பு.

2002ஆம் ஆண்டில் அதே குழுவினர், நீரை ஈர்க்கும் பரப்பிலும் நீரை விலக்கும் பரப்பிலும் இப்பிடி ஒத்திருப்பதைக் காட்டி, வான்டர் வால்ஸ் ஈர்ப்பே காரணம் என்பதற்குச் சான்று தந்தனர். இல்லத்தரசியர்க்கு ஒரு வேடிக்கையான செய்தி: தோசை ஒட்டாதிருக்கத் தோசைக்கல்லில் பூசும் டெஃப்லான் மீது, அது உலர்ந்திருக்கும்போது, பல்லியாலும் நிற்க முடிவதில்லை. தோசை ஒட்டாத இடத்தில் பல்லியும் ஒட்டாது!

பிடிப்பதும் விடுவதும்

இவ்வளவு வலிமையான பிடி என்றால், அடுத்த அடி எடுத்து வைப்பது எப்படி? இங்கேதான் பல்லி, உடும்பையும் நம் பசையையும் வென்று நிற்கிறது. அதன் மயிர்கள் நேராக நிற்பவை அல்ல, சாய்ந்து நிற்பவை. சற்றே அழுத்திச் சுவரின் போக்கில் இழுத்தால் பற்றிக்கொள்கின்றன. மயிருக்கும் சுவருக்கும் இடையே உள்ள கோணம் சுமார் 30 பாகையை எட்டியதும் தாமாகவே விட்டுவிடுகின்றன. ஆதலால், பல்லி தன் விரலை நுனியிலிருந்து மேல்நோக்கிச் சுருட்டுகிறது. வரிசை வரிசையாக மயிர்கள் விடுபடுகின்றன.

நீண்ட சரக்கு வண்டி புறப்படுவதைக் கவனித்திருக்கிறீர்களா? முதலில் ஒரு வண்டி அசையும். இணைப்பில் உள்ள தளர்ச்சி தீர்ந்ததும் அடுத்தது அசையும். ‘டடக், டடக்’ என்ற ஒலி கடைசி வண்டி வரை ஓடும். அனைத்தையும் ஒரே இழுப்பில் அசைப்பதைவிட ஒவ்வொன்றாய் அசைப்பது எஞ்சினுக்கு எளிது. பல்லி தன் பாதத்தை விடுவிக்கும் முறையும் இதுவே. பிடிக்கும்போது எல்லாம் சேர்ந்து பிடிக்கின்றன. விடும்போது ஒவ்வொன்றாக விடுகின்றன.

தூசியின் கதையும் வியப்பானது. அழுக்கடைந்த பாதத்தோடு பல்லி சில அடிகள் நடந்தால் போதும். பாதம் தன்னைத் தானே தூய்மை செய்துகொள்கிறது என்பதை 2005ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். தூசித் துகளைப் பாதத்தைவிடச் சுவரே வலுவாக இழுத்துக்கொள்கிறது.

கான்பூரில் நடந்தது

இவையெல்லாம் மேல்நாட்டார் பெருமை என்று எண்ணிவிட வேண்டாம். நம் டில்லியிலிருந்து ஹௌரா செல்லும் பாதையில் 440 கிலோமீட்டர் சென்றால் கான்பூர். அங்கே 1959ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற ஐ.ஐ.டி.யில், அபிஜித் மஜும்தார், அனிமாங்ஷு கட்டக், அசுதோஷ் சர்மா ஆகிய மூவர் வேறொரு கோணத்தில் சிந்தித்தனர். உலகத்தார் அனைவரும் பாதத்தின் மேற்பரப்பில் உள்ள மயிரையே நோக்கிக்கொண்டிருக்க, இவர்கள் தோலுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டனர். பூச்சிகள், தவளைகள் முதலியவற்றின் ஒட்டும் பாதங்களின் உட்புறத்தில் நுண்ணிய குழாய்கள் வலைபோல் அமைந்திருக்கின்றன. அவை பிடிக்கும் துணை செய்கின்றனவோ?

அவர்கள் சிலிக்கோன் ரப்பரால் மெல்லிய படலம் ஒன்றைச் செய்து, அதன் உள்ளே மயிரிழை போன்ற குழாய்களை அமைத்தனர். சிலவற்றில் காற்று, சிலவற்றில் எண்ணெய். குழாய் இல்லாத படலத்தைவிட இப்படலத்தின் ஒட்டும் திறன் ஏறத்தாழ 30 மடங்கு உயர்ந்தது! இவ்வாராய்ச்சி 2007ஆம் ஆண்டில் ‘சயன்ஸ்’ என்னும் புகழ்வாய்ந்த ஏட்டில் வெளிவந்தது.

காரணம் மிக எளிது. ஒட்டிய ஒன்றை உரிப்பது என்றால், ஒட்டிய இடத்தின் ஓரத்தில் ஒரு வெடிப்பைத் தொடங்கி அதை ஓடவிடுவதுதான். ஒரே சீரான படலத்தில் அவ்வெடிப்பு, சிறு நிலையங்களில் நில்லாத எக்ஸ்பிரஸ் வண்டிபோல் விரைந்து ஓடிவிடும். உள்ளே குழாய்கள் இருந்தாலோ, ஒவ்வொரு குழாயின் அருகிலும் அது நின்றுவிடுகிறது. மீண்டும் புறப்பட மீண்டும் விசை வேண்டும். எக்ஸ்பிரஸ் வண்டி, நிலையந்தோறும் நிற்கும் பாசஞ்சர் வண்டி ஆகிவிடுகிறது! நின்று நின்று புறப்படும் வண்டிக்கே எரிபொருள் மிகுதியாகச் செலவாகும் என்பதை ரயில்வேயில் யாரைக் கேட்டாலும் சொல்வர். அவ்வாறே, குழாய்கள் பொதிந்த படலத்தை உரிக்கப் பன்மடங்கு ஆற்றல் வேண்டியிருக்கிறது. குழாயிலுள்ள நீர்மத்தின் பரப்பு இழுவிசையும் இதற்குத் துணை செய்கிறது. மேலும், இதில் பசை இல்லாமையால் ஒட்டிய இடத்தில் கறை படிவதில்லை. மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம்.

இம்மூவருள் ஒருவரான அசுதோஷ் சர்மா, பின்னர் 2015 முதல் 2021 வரை நம் டில்லியிலேயே மத்திய அரசின் விஞ்ஞான தொழில்நுட்பத் துறையின் செயலாளராகப் பணியாற்றினார்.

உலகெங்கும் பல்லியின் மாணவர்கள்

2003ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஆந்திரே கைம் என்பாரும் அவர் குழுவினரும், பிளாஸ்டிக்கில் நுண்மயிர்களை அமைத்துப் ‘பல்லி நாடா’ ஒன்றைச் செய்தனர். அரை சதுர சென்டிமீட்டர் நாடாவைக் கையில் ஒட்டி, 40 கிராம் எடையுள்ள சிலந்தி மனிதன் பொம்மையைக் கண்ணாடியில் தொங்கவிட்டுக் காட்டினர். ஆனால் சில முறை பயன்படுத்தியதும் மயிர்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் சடைபிடித்துவிட்டன. பல்லி செய்வதைப் பார்ப்பது எளிது, அதுபோல் செய்வது அரிது என்பதற்கு இது சான்று. கைம் அவர்களே பின்னர் சாதாரண ஒட்டு நாடாவால் கிராபைட்டை உரித்து உரித்து, கிராபீன் என்னும் ஒற்றை அணு அடுக்கைப் பிரித்தெடுத்து, 2010ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். ஒட்டு நாடாவை இகழ்வார் யார்?

2007ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சியிலும் இந்தியர் பங்கு உண்டு. பம்பாய் ஐ.ஐ.டி.யில் பயின்ற அலி தினோஜ்வாலாவும், கேரளத்துக் கொடுங்கல்லூரில் பிறந்து காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் உலோகவியல் பயின்ற புளிக்கல் அஜயனும் அக்குழுவில் இருந்தனர். கார்பன் நுண்குழாய்களை மயிராக அமைத்து அவர்கள் செய்த நாடா, பல்லியின் பாதத்தைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு பிடி கொண்டிருந்தது.

2014ஆம் ஆண்டில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் செய்த கையகலப் பட்டைகளைப் பிடித்துக்கொண்டு 70 கிலோ எடையுள்ள மனிதர் ஒருவர் கண்ணாடிச் சுவரில் ஏறினார். உறிஞ்சும் கிண்ணங்கள் காற்றில்லாத வெளியில் பயன்படமாட்டா. பல்லி முறைக்கோ காற்று வேண்டியதில்லை. ஆகவே விண்வெளியில் மிதக்கும் குப்பைகளைப் பற்றி இழுக்கும் கருவிகளுக்கும் அமெரிக்க விண்வெளி நிறுவனத்தார் இதனையே நாடியுள்ளனர். கண்ணாடித் தகடுகளையும் நுட்பமான மின்னணுத் தகடுகளையும் கறைபடாமல் தூக்கும் இயந்திரக் கைகளாகவும் இது சில தொழிற்சாலைகளுக்குள் நுழைந்துவிட்டது.

இவை அனைத்தையும்விட என் உள்ளத்தைத் தொட்டது மருத்துவச் செய்தியே. 2008ஆம் ஆண்டில் ராபர்ட் லாங்கர், ஜெப்ரி கார்ப் முதலிய அறிஞர்கள், உடலுக்குள்ளேயே கரைந்து போகும் ரப்பர் போன்ற பொருளில் பல்லிப் பாதத்தின் அமைப்பைப் பதித்து, அதன்மேல் சர்க்கரை இனத்துப் பூச்சு ஒன்றைப் பூசி, ஈரமான திசுக்களில் ஒட்டும் பட்டை ஒன்றை உருவாக்கி விலங்குகளிடம் சோதித்தனர். நம் கடைத்தெருவில் பிளாஸ்திரி வாங்கும் முதியவர் ஒவ்வொருவர்க்கும் இத்தகைய பயன் கிட்டும் நாள் இன்னும் வரவில்லை. மயிர்களை மலிவாகவும் பெரும் பரப்பிலும் செய்வதும், அவை நெடுநாள் உழைக்கச் செய்வதும் இன்னும் கடினமாகவே உள்ளன. அந்த நாளைக் கொண்டுவரப் போகும் கைகள், இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கும் இக்குழந்தைகளின் கைகளாகவும் இருக்கலாம்.

நாம் செய்ய வேண்டியவை

பெரியோர்களே! இக்கதையிலிருந்து நாம் கொள்ள வேண்டியவை மூன்று என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலாவது, பார்வை. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஜார்ஜ் டி மெஸ்ட்ரல், 1941ஆம் ஆண்டில் உலாவச் சென்று திரும்பியபோது, தம் ஆடையிலும் நாயின் உடலிலும் ஒட்டிய முட்காய்களை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். நம் குழந்தைகளின் காலணிகளில் ‘சர்ர்’ என்று பிரியும் வெல்க்ரோ பட்டை அதிலிருந்தே பிறந்தது. நம் ஊர் வரப்பில் நடந்த எத்தனை பேர் வேட்டியில் நாயுருவி ஒட்டவில்லை? நாம் தட்டிவிட்டு நடந்தோம். அவர் எடுத்துப் பார்த்தார். வேறுபாடு அவ்வளவே. ஆகவே, சுவரில் பல்லியைக் கண்டு குழந்தை “அது ஏன் விழவில்லை?” என்று கேட்டால், “சும்மா இரு” என்று அடக்கிவிடாதீர்கள். நம் குழந்தைகள் பள்ளியில் விஞ்ஞானத்தை ஆங்கிலத்திலோ ஹிந்தியிலோ கற்கின்றனர். வீட்டில் தமிழ், சாப்பாட்டுக்கும் பண்டிகைக்கும் மட்டும் என்று ஆகி வருகிறது. அறிவைப் பற்றிய பேச்சு தமிழில் நிகழாவிட்டால், நாளடைவில் அக்குழந்தை தன் கேள்வியை நம்மிடம் கேட்பதையே நிறுத்திவிடும். மொழி போவது அன்றுதான். மெட்ரிக் படித்த நான் இவ்வளவு சொல்ல முடிந்ததென்றால், கற்றறிந்த நீங்கள் எவ்வளவோ சொல்லலாம்.

இரண்டாவது, இரக்கம். நான் கூறிய டோக்கே பல்லி, கொடிய நோய்களைத் தீர்க்கும் என்னும் பொய்யான வதந்தியால் நம் வடகிழக்கு மாநிலங்களில் பிடிக்கப்பட்டுக் கள்ளத்தனமாகக் கடத்தப்பட்டு வருகிறது. அதன் பன்னாட்டு வணிகத்துக்கு 2019ஆம் ஆண்டில் உலக நாடுகள் கட்டுப்பாடு விதித்தன. நம் உடும்பும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுகிறது; ஆயினும் எண்ணெய்க்காகவும் இறைச்சிக்காகவும் கொல்லப்படுகிறது. மருந்தே இல்லாத இடத்தில் மருந்தைத் தேடி, ஆசிரியரையே கொல்லுகிறோம். வீட்டுப் பல்லியையும் துடைப்பத்தால் அடிக்காதீர்கள். கொசுவையும் பூச்சியையும் தின்று, கூலி கேளாமல் நமக்குக் காவல் புரிகிறது.

மூன்றாவது, பிடி. தென்னாட்டை விட்டு இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் வந்து வாழ்கின்றோம். இங்கே நம்மைச் சேர்த்து வைப்பது எது? ஏதோ ஒரு பெரும் பசை அன்று. ஒருவர் வீட்டு மணத்துக்கு மற்றவர் கோலமிடுவது, ஊருக்குச் செல்பவர் அடுத்த வீட்டுக்கும் சேர்த்துக் காப்பிப்பொடி வாங்கி வருவது, நள்ளிரவில் நோயுற்றவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது – இப்படி எறும்பின் எடையையே தாங்கக்கூடிய சின்னஞ்சிறு தொடர்புகள் லட்சக்கணக்கில் சேர்ந்துதான் நம்மைத் தாங்குகின்றன. ஆண்டுக்கு ஒருமுறை விழா எடுப்பதால் மட்டும் சங்கம் நிலைக்காது. அன்றாடத் தொடர்புகளால் நிலைக்கும்.

அதே வேளையில், விடவும் கற்க வேண்டும். நம் பிள்ளைகள் நாளை பெங்களூருக்கோ, சிங்கப்பூருக்கோ, வேறெங்கோ செல்வர். உடும்பாகப் பற்றிக்கொண்டால் அவர்களும் நோவர், நாமும் நோவோம். ‘விட்டுப் பிடி’ என்று நம் வீட்டு மூதாட்டிகள் சொல்வார்களே, அதைவிடச் சுருக்கமாகப் பல்லியின் பாதத்தை விளக்கிய விஞ்ஞானி எவரும் இல்லை. பல்லி, எல்லாக் கால்களையும் ஒருங்கே எடுப்பதில்லை. ஒரு கால் புதிய இடத்தை நாடும்போது, மற்றவை பழைய இடத்தை உறுதியாகப் பற்றியிருக்கின்றன. இடம் பெயர்ந்து வாழும் நமக்கு இதைவிட நல்ல நடை எது?

மேடையைக் குழந்தைகளிடம் ஒப்படைத்து அமர்கின்றேன்.

வாழ்க தமிழ்! வளர்க அறிவு! வணக்கம்.